மருந்துக்கு ஒரு வழித்துணை

2021ஆம் ஆண்டு மே மாதம். கொள்ளைநோயின் இரண்டாம் அலை சென்னையை அலைக்கழித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலையில், முன்பு நம்மிடம் அரபி எழுத்துக் கற்ற மாணவர் ஒருவர், சைதாப்பேட்டையில் உள்ள நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மருந்துச் சீட்டு. அவருடைய தாயார் நெடுநாளாகச் சர்க்கரை நோய் உடையவர். கொரோனாவிலிருந்து மீண்ட சில நாட்களிலேயே கண்ணைச் சுற்றி வீக்கம் கண்டது. மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்துக் 'கரும்பூஞ்சை' என்றனர். சீட்டில் எழுதியிருந்த மருந்து 'லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி'. நகரமெங்கும் கடை கடையாக ஏறி இறங்கிய அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததோ வெறும் 'ஆம்ஃபோடெரிசின்-பி'. அதைக் கண்ட மருத்துவர், "அம்மாவின் சிறுநீரகம் இதைத் தாங்குமா என்பது சந்தேகம். எழுதிக் கொடுத்த மருந்துக்கே இன்னும் முயன்று பாருங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"ஹஜ்ரத், மருந்தின் பெயர் ஒன்றுதானே? முன்னால் நிற்கிற ஒரே ஒரு சொல்லுக்காகவா உம்மாவைக் காக்க வைத்திருக்கிறார்கள்? அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?" என்று கேட்டார்.

சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கொடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நமக்கு அன்று விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி அனுப்பினோம். பின்னர் அந்தச் சொல்லைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அதன் வரலாறு நம் வாசலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை என்பதைக் கண்டு வியந்தோம். அன்று சொல்லாமல் விட்ட விடையையே இங்கே எழுதுகிறோம்.

பழையோர் கண்ட வழித்துணை

மருந்து என்பது ஒன்று. அம்மருந்தை நோய் இருக்கும் இடத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டைப் பழைய மருத்துவர்கள் அறிந்தே இருந்தனர். சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே பற்பத்தைத் தேனில் குழைத்துத் தருவதும், நெய்யில் குழைத்துத் தருவதும், பாலில் கலந்து தருவதும் ஒன்றல்ல என்பது அம்மருத்துவத்தின் கொள்கை. யூனானி மருத்துவத்தில் இதற்கு இணையாக வழங்கும் சொல் 'பத்ரகா' என்பது. பாலைவழியில் செல்லும் வணிகக் கூட்டத்திற்குக் காவலாகவும் வழிகாட்டியாகவும் உடன் செல்வோரைக் குறித்த சொல் அது. அதனையே, மருந்துக்குத் துணையாகச் சென்று அதனை உரிய உறுப்பில் கொண்டு விடும் பொருளுக்கும் ஹகீம்கள் பெயராக்கினர்.

ஹிஜ்ரி 428இல், அதாவது கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, 'அல்கானூன்' என்னும் தம் பெருநூலின் ஐந்தாம் பாகத்தைக் கூட்டு மருந்துகளுக்கென்றே ஒதுக்கினார். ஒரு மருந்தோடு மற்றொன்றைக் கூட்டுவது எதற்காக என்பதற்கு அவர் கூறும் காரணங்களுள், மருந்தை உரிய உறுப்புக்குக் கொண்டு செல்லுதலும் ஒன்றாகும். இதயத்திற்கு மருந்தைக் கொண்டு சேர்க்கும் ஆற்றல் குங்குமப்பூவுக்கு உண்டு என்று அக்கால மருத்துவர்கள் நம்பினர்.

பழையோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. மருந்துக்கு வழித்துணை வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். அத்துணை உடலுக்குள் எப்படிச் செல்கிறது, எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை. கேள்வி அவர்களுடையது, விடை பிற்காலத்தாருடையது.

அடையாற்றின் தென்கரையில்

சைதாப்பேட்டையிலிருந்து மறைமலையடிகள் பாலத்தின் வழியே அடையாற்றைக் கடந்தால் கிண்டி. அங்கே 1899இல் தோற்றுவிக்கப்பட்டது கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம். 'கிங்' என்பது அரசரைக் குறிப்பது என்று எண்ணுவோர் பலர். அது சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்னும் மருத்துவரின் பெயர்.

அந்நாளில் பெரியம்மைக்குரிய தடுப்புப் பாலைக் கன்றுகளின் உடலில் வளர்த்து எடுத்தனர். எடுத்த பால் நம் நாட்டு வெயிலில் விரைவில் வீரியம் இழந்தது. தலைநகரில் நல்ல நிலையில் புறப்பட்டது, கிராமத்திலிருக்கும் குழந்தையின் கையை அடைவதற்குள் பயனற்றதாயிற்று. மருந்து இருந்தும் வழியிலேயே அழிந்த கதை இது. 1890களின் தொடக்கத்தில் கிங், ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கப்படும் 'லேனோலின்' என்னும் கொழுப்பில் அப்பாலைக் குழைத்து அனுப்பும் முறையைச் சென்னையில் நடைமுறைப்படுத்தினார். கொழுப்பு அதனைக் காத்து நின்றது.

இது உடலுக்கு வெளியே நடந்த பயணம். ஊர்விட்டு ஊர் செல்லும் மருந்துக்குக் கொழுப்பு துணை நின்றது. உடலுக்குள், குருதியின் வழியே செல்லும் மருந்துக்கும் கொழுப்பே துணையாக வரும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. அதற்கான தேவை ஒரு நோயின் வடிவில் இதே சென்னையில் வெளிப்பட்டது.

சென்னையில் கண்ட கிருமி

'காலா ஆஸார்' என்பது அந்நோயின் பெயர். 'காலா' என்றால் கருமை. 'ஆஸார்' என்பது துன்பத்தையும் பிணியையும் குறிக்கும் பாரசீகச் சொல். தமிழில் கருங்காய்ச்சல் என்பர். மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும், இரத்தம் குன்றும், மருந்தின்றி விட்டால் பெரும்பாலும் சாவே முடிவு.

நாம் தொடக்கத்தில் கூறிய கரும்பூஞ்சைக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். கிருமியால் இரண்டும் வேறு. ஆனால், அன்று அந்தப் பிள்ளை தேடி அலைந்த அதே மருந்துதான் இதற்கும் மருந்து. மேலும், அம்மருந்தின் வழித்துணை தன் திறத்தை முழுமையாக மெய்ப்பித்தது கருங்காய்ச்சலில்தான்.

இந்நோயின் கிருமியை லீஷ்மன் என்னும் இராணுவ மருத்துவர், வங்காளத்தின் டம்டம் முகாமில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்டு 1903 மே மாதம் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியரும் அரசுப் பொது மருத்துவமனையின் மருத்துவருமான சார்லஸ் டோனவன், இங்கேயே நோயாளிகளிடம் அதனைக் கண்டார். ஜூன் மாதத்தில், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்தே அதனை எடுத்துக் காட்டினார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் இணைத்து அக்கிருமிக்கு 'லீஷ்மானியா டோனவானி' என்று பெயரிட்டார். ஆக, சென்னையில் பணிபுரிந்த ஒருவரின் பெயரை உலக மருத்துவ நூல்கள் அனைத்தும் இன்றளவும் சுமந்து நிற்கின்றன. நோயைப் பரப்புவது மணல் ஈ என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் ஐயமற நிறுவினர். அவர்களுள் ஷார்ட், கிண்டி கிங் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றியவர்.

இக்கிருமி குடியிருக்கும் இடத்தை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். நம் உடலில் 'பெருவிழுங்கிகள்' என்னும் உயிரணுக்கள் உள்ளன. குருதியில் வரும் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் அவை மிகுதி. லீஷ்மானியா கிருமி அந்தக் காவலரின் வயிற்றுக்குள்ளேயே வீடு கட்டிக்கொள்கிறது. காவலனைக் கொல்லாமல் அவன் வீட்டில் ஒளிந்திருக்கும் கள்வனை எப்படிப் பிடிப்பது?

கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, 1922இல் 'யூரியா ஸ்டிபமைன்' என்னும் அஞ்சனக் கூட்டு மருந்தை அறிவித்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். அஞ்சன மருந்துகளே அதன்பின் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தன. ஆனால் 1990களில் பீகாரின் வட மாவட்டங்களில் கிருமி அவற்றுக்குப் பணிய மறுத்துவிட்டது. நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு அவை பயன்படவில்லை. எஞ்சி நின்ற வலிய மருந்து ஆம்ஃபோடெரிசின்.

இம்மருந்து 1950களில், வெனிசுவேலா நாட்டின் ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. பூஞ்சையின் உயிரணு மேலுறையில் 'எர்கோஸ்டிரால்' என்றொரு பொருள் உண்டு. மருந்து அதனைப் பற்றி உறையில் துளையிடும். லீஷ்மானியாவின் உறையிலும் அதே வகைப் பொருள் இருத்தலால், பூஞ்சைக்கு எமனானது இதற்கும் எமனாயிற்று. ஆனால் நம் உயிரணுக்களின் உறையில் உள்ள கொலஸ்டிரால் அதற்குச் சாயலில் உறவு. மருந்து சில வேளைகளில் ஆள் மாறித் தாக்குகிறது. கடுங்குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகம் பழுதுறும். நம் மாணவரைத் திருப்பி அனுப்பிய மருத்துவரின் அச்சம் இதுவே.

கொழுப்பால் கட்டிய கூடு

1961இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகில் பாப்ரஹாம் என்னும் ஊரின் ஆய்வுக்கூடத்தில், அலெக் பாங்ஹாம் என்பவர் ஹார்ன் என்னும் உடனாய்வாளருடன் புதிய மின்னணு நுண்ணோக்கியின் அடியில் ஒரு காட்சியைக் கண்டார். முட்டையின் மஞ்சட் கருவில் 'லெசித்தின்' என்னும் கொழுப்பு உண்டு. அதன் நுண்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் இரு வால்களும் இருப்பதாகக் கொள்ளலாம். தலை நீரை நாடும். வால்கள் நீரை வெறுக்கும். இவற்றை நீரில் இட்டால் வால்கள் வாலோடு சேர்ந்து உள்ளே ஒளிய, தலைகள் இருபுறமும் வெளியே நிற்க, இரட்டைச் சுவர் ஒன்று தானாக எழுந்து, வளைந்து, மூடிக்கொள்ளும். கட்டுவோர் எவருமின்றி எழும் கூடு! நடுவே ஒரு சொட்டு நீர். சுற்றிலும் கொழுப்புச் சுவர். நம் உயிரணுக்களின் மேலுறை அமைந்திருப்பதும் இவ்வகையிலேயே.

இதற்கு 'லைப்போசோம்' என்னும் பெயர் 1968இல் ஜெரால்டு வைஸ்மன் முதலியோரால் வழக்குக்கு வந்தது. கிரேக்க மொழியில் 'லிப்போஸ்' கொழுப்பு, 'சோமா' உடல். நம் மாணவர் கேட்ட சொல்லின் நேர்ப்பொருள் 'கொழுப்புடல்' என்பதே. மருந்தாகப் பயன்படும் கூடுகள் பலவற்றின் அளவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் சிறிது.

இக்கூட்டினுள் மருந்தை வைத்து உடலுக்குள் அனுப்பலாமே என்னும் எண்ணத்தை 1971இல் லண்டனில் கிரெகரி கிரெகோரியாடிஸ், பிரெண்டா ரைமன் முதலியோர் செயலில் காட்டினர். உடலில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தால், செரிக்க வேண்டிய பொருள்கள் உயிரணுக்களில் தேங்கித் தீராத நோய்களை விளைவிக்கும். அந்த நொதியைக் கூட்டில் அடைத்து அனுப்புவதே அவர்களின் நோக்கம். சோதனை விலங்குகளில் செலுத்தியபோது, கூடுகளுள் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்குமே போய்ச் சேர்ந்தது. காரணம், பெருவிழுங்கிகள் அவற்றை அந்நியப் பொருளெனக் கருதி விழுங்கிவிட்டன. வேறு உறுப்புகளுக்கு மருந்தனுப்ப விரும்பியோர்க்கு இது பெருங்குறை.

ஆனால் பகைவன் பெருவிழுங்கியின் வயிற்றிலேயே ஒளிந்திருந்தால்? அப்போது அக்குறையே நிறையாகிறது! காவலன் தானே கூட்டை விழுங்கிக் கள்வனின் அறைக்கே கொண்டு சேர்க்கிறான். 1977, 1978ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்ந்த குழுக்கள், அஞ்சன மருந்தைக் கூட்டிலிட்டு லீஷ்மானியா தொற்றிய விலங்குகளுக்குத் தந்தபோது, மிகச் சிறிய அளவே பன்மடங்கு பயன் தரக் கண்டன. பத்ரகா என்று பழையோர் சொன்னதை நுண்ணோக்கி கண்முன் காட்டிய காலம் அது.

வேலூரிலிருந்து புறப்பட்ட ஒருவர்

இந்நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாவில் 1925இல் பிறந்து, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர், 1957இல் நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை உருவாக்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். மூளையின் கொழுப்புகள், அவற்றைச் செரிக்கும் நொதிகள், அந்நொதிகள் குறைந்தால் குழந்தைகளைத் தாக்கும் கொடிய நோய்கள் ஆகியவையே அங்கு அவருடைய ஆய்வுப் பொருள். 1962இல் பட்நாகர் பரிசு பெற்றார். லண்டனில் கிரெகோரியாடிஸ் எந்த வகை நோய்களுக்காகக் கூட்டை நாடினாரோ, அந்த வகை நோய்களை வேலூரில் இவர் முன்பே ஆய்ந்துகொண்டிருந்தார் என்பது கருதத்தக்கது.

1970களின் பிற்பகுதியில் அவர் கல்கத்தா சென்று, இன்று இந்திய வேதி உயிரியல் நிறுவனம் என வழங்கும் ஆய்வகத்தின் இயக்குநரானார். அங்கே அவரும் மாணவர்களும் கொழுப்புக் கூட்டின் மேல் வெவ்வேறு சர்க்கரைகளை ஒட்டிப் பார்த்தனர். உயிரணுக்கள் சில, குறிப்பிட்ட சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றும் இயல்புடையவை. எந்தச் சர்க்கரையை ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடு எந்த உயிரணுவை அடையும் என்பது மாறுவதை 1980இல் வெளியிட்டனர். அஞ்சல் உறைக்கு முகவரி எழுதுவது போன்றது அது.

1980களில் அவர் டில்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்திற்கு வந்தார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1985இல் புற்றுநோயாளிகள் 12 பேருக்குக் கூட்டிலிட்ட ஆம்ஃபோடெரிசினைத் தந்து நற்பயன் கண்டிருந்தனர். இம்மருந்து நீரில் கரையாதது. ஆதலால் கூட்டின் நடுவிலுள்ள நீரில் தங்காமல், கொழுப்புச் சுவரிலேயே பதிந்துகொள்ளும். சுவரில் பதிந்தது எளிதில் நழுவிச் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. இவ்வழியில் நம் நாட்டுக்கென ஒரு மருந்தை ஆக்கப் பச்சாவத்தின் குழுவும், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷீர்சாகரின் குழுவும் இணைந்து உழைத்தன. 'ஃபங்கிசோம்' என்னும் பெயரில் 2003இல் அது விற்பனைக்கு வந்தது. சோயாக் கொழுப்பும் கொலஸ்டிராலும் கொண்டு கட்டிய கூடு அது. நோயாளிக்குச் செலுத்துமுன் 45 நிமிடம் ஒலியலைக் கருவியில் வைத்துக் கூடுகளைச் சிறிதாக்க வேண்டும். வெளிநாட்டு மருந்துக்கு அந்த வேலை இல்லை. ஆயினும் நம் நாட்டிலேயே சிந்தித்து, நம் நோயாளிகளிடமே சோதித்து ஆக்கியது என்னும் சிறப்பு அதற்கு உண்டு. 1990இல் பத்மபூஷண் விருது பெற்ற பச்சாவத், மருந்து கடைக்கு வந்ததைக் காணாமலே 1996இல் மறைந்தார்.

ஒரே நாளில் ஒரு மருத்துவம்

'அம்பிசோம்' என்னும் வெளிநாட்டு மருந்து 1990 முதல் ஐரோப்பாவில் வழக்கில் இருந்தது. அதன் விலை ஏழை நோயாளியின் கனவிலும் எட்டாதது. கருங்காய்ச்சலோ ஏழையிலும் ஏழையின் நோய். மண்சுவர் வீடும் மாட்டுக் கொட்டிலும் உள்ள இடத்தில் மணல் ஈ வாழ்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் மருந்தை ஆக்கும் கிலியட் நிறுவனத்துடன் பேசி, இந்நோய்க்கு மட்டும் விலையைக் குறைக்கச் செய்தது.

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் தலைமையில் பீகாரின் முசாஃபர்பூரில் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. 304 நோயாளிகளுக்குக் கூட்டிலிட்ட மருந்து ஒரே ஒரு முறை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தரப்பட்டது. 108 பேருக்குப் பழைய மருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 29 நாட்களில் 15 முறை தரப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்சாராருள் 95.7 விழுக்காட்டினரும் மற்றவருள் 96.3 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தனர். பயன் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரு மாத மருத்துவமனைவாசம் ஒரே நாளாயிற்று. கூலி வேலை செய்து உண்ணும் குடும்பத்திற்கு அந்த ஒரு மாதம் என்பது எத்தகைய சுமை என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

2011இல் கிலியட் நிறுவனம் 4,45,000 குப்பிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வழியே கொடையாகத் தர முன்வந்தது. 1992இல் இந்தியாவில் ஏறத்தாழ 77 ஆயிரமாக இருந்த கருங்காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கை, 2023இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், பொதுச் சுகாதாரத்திற்குக் கேடாகாத அளவுக்கு இந்நோயை ஒழித்த முதல் நாடாக வங்காளதேசத்தை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மணல் ஈயை ஒழிக்கத் தெளித்த மருந்துக்கும், வீடு வீடாகச் சென்ற ஊழியர்களுக்கும் இவ்வெற்றியில் பங்குண்டு. எனினும், அந்தக் கொழுப்புக் கூட்டின் பங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது. சென்னையில் டோனவன் கிருமியைக் கண்ட நாளிலிருந்து, ஒரே நாளில் முடியும் மருத்துவம் வரையில் 107 ஆண்டுகள் ஆயின.

இறுதி வழி

மீண்டும் 2021க்கு வருவோம். கொரோனாத் தடுப்பூசிகள் சிலவற்றில் கூட, இக்கூட்டின் உறவுமுறையான நுண்கொழுப்புத் துகள்களே உள்ளிருந்த செய்தியைச் சுமந்து சென்றன. உலகமே கொழுப்பின் துணையை நாடிய அந்த ஆண்டில், கரும்பூஞ்சைக்குரிய மருந்து நம் நகரில் கிடைக்கவில்லை. காரணம் என்ன? பல்லாயிரவர்க்கு ஒரே வேளையில் நோய் கண்டது. ஒரு நோயாளிக்கே பல குப்பிகள், பல நாட்களுக்கு வேண்டியிருந்தன. மருந்தை ஆக்கும் நிறுவனங்கள் இந்நாட்டில் இருந்தும், கூடு கட்டுதற்குரிய தூய கொழுப்புக்குப் பெரிதும் வெளிநாடுகளை நம்பியிருந்தோம். மருந்து இருந்தது, அதைச் சுமக்கும் பொருளுக்கே பஞ்சம்!

மருத்துவ வரலாறு எழுதுவோர் மருந்தைக் கண்டவர்களைப் போற்றுகின்றனர். அதனைக் கொண்டு சேர்த்தவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். கம்பளிக் கொழுப்பைக் குழைத்தவரின் பெயரை அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் வாயிலில் நின்றும் நாம் அறியவில்லை. நம் வேலூரில் இருபதாண்டு உழைத்த பச்சாவத்தின் பெயரைத் தமிழகத்தில் எத்தனை பேர் அறிவர்? குருதியில் புகுந்த மருந்து உரிய உயிரணுவை அடையும் வழியை அறிவியல் கண்டுவிட்டது. கடையிலிருந்து நோயாளியின் படுக்கையை அடையும் வழி நம் கையில் இருக்கிறது. விலை, கையிருப்பு, முன்னேற்பாடு ஆகிய அவ்வழித்துணைகள் தவறினால், முன்னைய வழித்துணையால் என்ன பயன்?

ஆறாம் நாள் அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்தது. தாயார் உயிர் பிழைத்தார். ஒரு கண்ணை மட்டும் மருத்துவர்களால் காக்க இயலவில்லை. அந்த ஆறு நாட்களில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் கண் தப்பியிருக்குமா என்று அவர் இன்றும் நம்மிடம் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்வார் எவருமில்லை. ஆனால் அன்று அவர் கேட்ட முதல் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை உண்டு. மருந்தின் பெயருக்கு முன்னால் நின்ற அந்த ஒரு சொல், வழித்துணையின் பெயர். அதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். காக்க வைத்ததுதான் தவறு.